பாட்டில் ஒளிந்த தட்டும் படிவத்தில் ஏறிய பெயரும்

ரிட்டயராகி ஊரோடு போய், இப்போது விசிட் விசாவில் மகள் வீட்டுக்கு வந்தவளைப் பிடித்து, நம் செக்‌ஷனில் வந்து ரெண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். வந்தேன். அன்று பாதி நேரம் ஏசி ரிப்பேர் பார்க்க வந்தவர்தான் பேசினார். நான் சொல்ல நினைத்ததில் முக்கியமானது விட்டுப்போய்விட்டது. அதை எழுதித் தருகிறேன், உட்கார்ந்து படியுங்கள். நான் எழுதினால் கொஞ்சம் தலைக்கனம் தெரியும். இருபத்து நான்கு வருடம் அந்த மேஜையைத் தேய்த்திருக்கிறேன், அந்த அளவுக்காவது இருக்க வேண்டாமா?

நம் வேலையை வெளியாட்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். லீவில் குளச்சலுக்குப் போகும்போதெல்லாம், பாட்டுக் கேட்பதற்கா உனக்குச் சம்பளம் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஆமாம், அதற்குத்தான் என்பேன். பல நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு நம் சேனல் நடத்தும் பாட்டுப் போட்டிக்கு வருகின்றன. மேடையில் அரசியல் கூடாது என்பது விதி. அரசியல் பேச வேண்டும் என்ற தவிப்போடு வருகிறவர்கள் அதைப் பாட்டுக்குள் எங்கேயாவது ஒளித்துக்கொண்டு வருவார்கள். ஒளித்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்று தீர்மானிப்பதுதான் உண்மையான வேலை. கையேட்டில் முதல் பாதிக்கு நாற்பது பக்கம் இருக்கிறது. இரண்டாவது பாதிக்கு ஒரு வரிகூட இல்லை.

ஒளித்து வைப்பதில் மனிதர்களுக்கு இருக்கும் சாமர்த்தியத்தைச் சும்மா சொல்லக்கூடாது. தாலாட்டு என்று ஒரு பாட்டு வந்தது. அதில் குழந்தைக்குச் சொல்லும் ஊர்ப் பெயர்கள் எல்லாமே புல்டோசர் வைத்து இடித்துத் தள்ளிய ஊர்கள். இன்னொரு நாட்டுப் பெண்ணின் பாவாடைக் கரையில் பூ வேலை செய்திருந்தார்கள். பூக்களைச் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் கேட்கிற தனி நாட்டின் எல்லைக்கோடு. இரண்டையும் நான்தான் பிடித்தேன். பேப்பரைப் படித்துப் பிடிக்கவில்லை. பேப்பரில் பாட்டெழுதியவர் எழுதியதும், மொழிபெயர்ப்பாளர் சீல் அடித்ததும் மட்டும்தான் இருக்கும்.

எனக்கு ஒரு வழி இருந்தது. இந்த ஊரில் மட்டும்தான் அது நடக்கும். உலகத்தில் எந்த நாட்டு மனிதரும் நம் ஆபீஸிலிருந்து ஒரு பஸ் தூரத்துக்குள் எங்கேயாவது வேலை பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டைப் போனில் ஏற்றிக்கொண்டு அவரைத் தேடிப் போவேன். அல் ஐனில் ஒரு நர்ஸுக்கு டியூட்டி முடிகிற நேரத்தில் போட்டுக் காட்டியிருக்கிறேன். புஜைரா துறைமுகத்தில் ஒரு மாலுமி சாப்பிடும்போது போட்டுக் காட்டியிருக்கிறேன். என்ன அர்த்தம் என்று கேட்க மாட்டேன். கேட்டால் எல்லோரும் அகராதி ஆகிவிடுவார்கள். சும்மா ஓடவிட்டு அவர்கள் கையைப் பார்ப்பேன். முகம் பொய் சொல்லப் பழகியது. வேலை செய்துகொண்டிருக்கிற கை ஒரு இடத்தில் நின்றால், அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. இந்த வழியைக் கண்டுபிடித்ததில் எனக்கு அவ்வளவு பெருமை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெருமையில் நான் செய்த தப்பைத்தான் சொல்லப் போகிறேன்.

அல் குசைஸில் நம் ஸ்டூடியோவுக்குப் பின் தெருவில் ஒரு ரொட்டிக்கடை இருந்தது. அடுப்புக் குழிக்குள் கையை விட்டு மாவை அறைந்து ஒட்டி, வெந்ததும் கம்பியால் எடுத்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரிக் கடை. அதில் ரொட்டி போட்டவர் கரீம்பாய். மலைகள் நிறைந்த ஒரு நாட்டுக்காரர். நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன், மலைநாடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஊரில் இருந்தார்கள். நான் அவரோடு கட்டட சைட்டில் பேசுகிற அரைகுறை ஹிந்தியில்தான் பேசுவேன். அதற்கு முந்தின வருடம் மலைநாட்டிலிருந்து வந்த காதல் பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டியிருந்தேன். இதெல்லாம் ஒரு பாட்டா என்று சிரித்தார். அப்போது, பாட்டை ஆட்சேபிக்க நேர்ந்தால் படிவத்தோடு வைக்க வேண்டுமே என்று அவருடைய ஐடி கார்டை ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். கிளினிக்கோ கூரியரோ பில்டிங் வாசலோ, இந்த ஊரில் யார் கேட்டாலும் கார்டை எடுத்து நீட்டிப் பழகியவர்கள் நாம்.

மறு வருடம் மலைநாட்டிலிருந்து வந்த பாட்டு ஒரு சமையலறைப் பாட்டு. தாய் ரொட்டி சுடுகிறாள், பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். பாடியவள் பெயர் தமீனா, இருபத்தைந்து இருபத்தாறு வயது. அவளுக்குப் பின்னால் மூன்று பெண்கள் நின்று கரண்டியால் பானையைத் தட்டுவார்கள். கூடவே கிடார், டிரம்ஸ் எல்லாம் உண்டு. வரிகளில் உப்பு, மாவு, நெருப்பு தவிர வேறொன்றுமில்லை. அவர்கள் நாட்டு அமைச்சகத்திலிருந்து குழுத் தலைவராக வந்த சாம்பல் கோட்டுக்காரரே, பாட்டில் அரசியல் இல்லை என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வழக்கம்போல் கரீம்பாயிடம் போனேன். அவர் மாவைக் குழிக்குள் கொண்டுபோன நேரத்தில் பானைத் தட்டு வந்தது. மூன்று தட்டு, ஒரு மூச்சு அளவுக்கு நிறுத்தம், பிறகு ஒரே ஒரு தட்டு. அவர் கை குழிக்குள்ளேயே நின்றுவிட்டது. மாவு நழுவி நெருப்பில் விழுந்து கருகியது. கையில் சூடு பட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை, நான்தான் கையைப் பிடித்து இழுத்தேன். பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவருடைய ஊரில் ஒரு கலவரம். ராணுவம் ஊரை அடைத்து, வீடு வீடாகப் புகுந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனது. பெண்கள் தெருவுக்கு வரக்கூடாது என்று உத்தரவு. அதனால் பொழுது சாயும் நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய்ப் பானையைத் தட்ட ஆரம்பித்தார்கள். முதலில் மூன்று தட்டு, எல்லா வீட்டுக்கும் பொது. பிறகு ஒரு நிறுத்தம். அதன் பிறகு, அந்த வீட்டிலிருந்து எத்தனை பேரைக் கொண்டுபோனார்களோ அத்தனை தட்டு. பானை தட்டியதற்காகவே பெண்களைச் சிறையில் போட்டிருக்கிறார்கள். இப்போது யாரும் தட்டுவதில்லை. பாடுகிறவள் வீட்டில் ஒருவர் போயிருக்கிறார் என்றார் கரீம்பாய். அவர் வீட்டில் எத்தனை என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் விட்ட புத்தியாவது எனக்கு அன்று இருந்தது.

அமைச்சகக்காரருக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தலைநகரத்தில் உட்கார்ந்து அதைத் தடை செய்தவர்கள் ஒரு நாள்கூட அதைக் காதால் கேட்டதில்லை. அறிக்கையில் சத்தம் போட்டார்கள் என்று படித்திருப்பார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு இது சமையல் பாட்டு.

ஆபீஸுக்கு நான் நடந்து வரவில்லை, பறந்து வந்தேன். இவ்வளவு நுணுக்கமாக ஒளித்ததை இந்தப் போட்டியில் யாரும் பிடித்ததில்லை. மறுநாள் காலையிலேயே ஆட்சேபப் படிவத்தை நிரப்பிவிட்டேன். அதில் "கேட்டுச் சொன்னவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. பெயர், மொபைல் நம்பர், ஐடி நம்பர், கார்டின் நகல். அது இல்லாமல் ஆட்சேபம் செல்லாது. எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. டிராயரைத் திறந்தேன், போன வருடத்து நகல் இருந்தது, எடுத்து ஸ்டேப்ளர் அடித்தேன். எங்கள் மேனேஜர், நாங்கள் முதீர் என்று கூப்பிடுகிற அரபிக்காரர், படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்துச் சபாஷ் என்றார். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சீல் வைத்துக் குழுத் தலைவருக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அதுதான் விதி. ஆட்சேபத்தின் முழுப் பிரதியும் அந்த நாட்டுக் குழுவுக்குப் போகும், அவர்கள் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கு அந்த விதி தெரியும். வருஷக்கணக்காகத் தெரியும். ஆனாலும் மனதில் உறைக்கவில்லை. இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

மத்தியானம் ரொட்டி வாங்கப் போனேன். கரீம்பாய் கையில் துணி சுற்றியிருந்தார். சூடாக இரண்டு ரொட்டி எடுத்துக் காகிதத்தில் வைத்தவர், அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். என்னைச் சகோதரி என்ற அர்த்தத்தில் பெஹன் என்றுதான் கூப்பிடுவார்.

"பெஹன், நான் சொன்னதுல என் பேரு எங்கயும் இல்லையே?"

"இல்ல பாய்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அச்சா. வீட்ல எல்லாரும் அங்கதான் இருக்காங்க" என்றார்.

ரொட்டியை வாங்கிக்கொண்டு தெருமுனைவரைக்கும் வந்திருப்பேன். அப்போதுதான் உறைத்தது. அந்தப் படிவம் சாம்பல் கோட்டுக்காரர் கைக்குப் போனால் அதில் என்ன இருக்கும்? கரீம்பாயின் போட்டோ, முழுப்பெயர், கார்டு நம்பர், வேலை பார்க்கும் கடை. இவர் கலவரம் நடந்த ஊர்க்காரர், தடை செய்த தட்டுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறார், இன்னும் மறக்கவில்லை. அடுத்த தடவை பாஸ்போர்ட் புதுப்பிக்கத் தூதரகத்துக்குப் போவார். அவர் போகாவிட்டாலும் அவர் வீட்டுக் கதவை அங்கே யாராவது தட்டுவார்கள். மனைவியும் மூன்று பிள்ளைகளும். நான் பிடித்தது பாட்டை மட்டுமல்ல, அந்த வீட்டையும் சேர்த்துப் பிடித்துக் கொடுக்க இருந்தேன். மணி மூன்று ஆகப் போகிறது. எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

இந்த மாதிரி நேரத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது நோகாமல் தப்பிக்கிற வழிதான். எனக்கும் அதுதான் தோன்றியது. தமீனாவே பானையை விட்டுவிட்டால் ஆட்சேபத்துக்கே அவசியமில்லை, படிவத்தைக் கிழித்துப் போடலாம், கரீம்பாயும் தப்பிப்பார், விதியும் நிற்கும். ரிகர்சல் இடைவேளையில் மேக்கப் அறைக்குப் போனேன். அவள் தனியாக இருந்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், ஒரு தட்டு, எனக்குத் தெரியும்.

அவள் அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்தேன். கதவைத் தாழ் போட்டுவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அந்த ஒரு தட்டு அவளுடைய அண்ணனாம். அம்மாவால் இனி மாடி ஏற முடியாதாம், தனக்குப் பதிலாகத் தட்டச் சொல்லி இவளிடம் கேட்டிருக்கிறாள். பானையை விட்டுவிடேன், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றேன். எனக்கே அந்த வார்த்தை கேவலமாகக் கேட்டது.

அவள் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன். "நான் பாடிட்டா ஊரே என்னைப் பாத்துடும், அப்புறம் என்னைச் சத்தமில்லாம மறைக்கிறது அவங்களுக்குக் கஷ்டம். நீங்க பேப்பர் எழுதி என்னை நிறுத்திட்டீங்கன்னா, ஏன் நிறுத்தினாங்கன்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

நாங்கள் ஒரு பாட்டை நிறுத்தினால் அந்தப் பாட்டோடு கதை முடிந்தது என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு பாடியவர்கள் விமானம் ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்று நான் பார்த்ததே இல்லை. தாலாட்டுப் பாடியவர் என்ன ஆனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளியே வந்து பாத்ரூமில் முகம் கழுவினேன். அங்கே நின்றுதான் முடிவெடுத்தேன், இதைக் கவனியுங்கள். தமீனா எடுத்த ஆபத்து அவளே தெரிந்து எடுத்தது. கரீம்பாய் எந்த ஆபத்தையும் எடுக்கவில்லை, நான் அவர் தலையில் வைத்தேன். வைத்த நான்தான் இறக்க வேண்டும். கேட்டுச் சொன்னவர் பெயரை எடுத்தால் ஆட்சேபம் செல்லாது, ஆட்சேபம் செல்லாவிட்டால் பாட்டு மேடை ஏறும். ஏறட்டும். மேடையில் ஏதாவது ஆகிவிட்டால் என் வேலை போகும். என் வேலை என்னுடையது, அதை வைத்து நான் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்வேன். இவ்வளவுதான் கணக்கு. குழம்பினால், இதில் யாருடைய ஆபத்து யார் தலையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதீர் அறைக்குப் போகும்போது நாலரை. படிவம் மேஜை மேலேயே இருந்தது, பக்கத்தில் சீல். அப்பாடா என்று இருந்தது. ஆட்சேபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அவர் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று. பிறகு கோபப்பட்டார். அரசியல் மாஃபி, கூடாது என்பது விதி, நீ கண்டுபிடித்தாய், கலாஸ், முடிந்தது, இனி என்ன பேச்சு என்றார். ரொட்டிக்கடைக்காரரின் குடும்பம் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அவர் கோபம் சற்று இறங்கியது. அவரும் எங்கிருந்தோ இங்கே பிழைக்க வந்தவர்தான், தன் ஊரைப் பற்றி ஒரு நாளும் பேசாதவர்.

பதிவான ஆட்சேபத்தைச் சும்மா எடுக்க முடியாது, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கேட்டுச் சொன்னவர் நம்பத்தகாத ஆள் என்று எழுதிவிடு, சுலபம் என்றும் வழி சொன்னார். அதை எழுத என் கை வரவில்லை. அந்த மனிதர் கையைச் சுட்டுக்கொண்டு உண்மையைச் சொன்னவர். அதனால் இப்படி எழுதினேன்: "என் கணிப்பு தவறு. ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன்."

என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், என் கணிப்பு தவறு என்று நான் ஒப்புக்கொண்டதை யாராவது பார்த்திருக்கிறார்களா என்று. அதுவும் நான் சரியாக இருந்த ஒரே பெரிய விஷயத்தில். பேனா கனத்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு, நகல் ஒட்டிய பழைய தாளை அவர் கண்ணெதிரிலேயே காகிதம் அறுக்கிற மெஷினில் விட்டேன். நாளைக்கு ஏதாவது நடந்தால் இந்தக் கையெழுத்துதான் பேசும் என்றார் முதீர். பேசட்டும் என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நேரலை. கன்ட்ரோல் ரூமில் எனக்கு ஒரு இருக்கை உண்டு, அதன் முன்னால் ஒரு பட்டன். ஒளிபரப்பு சில வினாடி தாமதமாகத்தான் வெளியே போகும். அந்த வினாடிக்குள் பட்டனை அமுக்கினால் பார்ப்பவர்களுக்கு அரங்கத்தின் வெளிப்படம்தான் தெரியும். ஒலிப் பலகையில் முருகேசன், பரமக்குடிப் பையன், காதில் ஹெட்போன். அவனிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

தமீனா பாடினாள். பானைத் தட்டு வந்தது. மூன்று. அந்த இடத்தில் கிடாரும் டிரம்ஸும் நின்றுவிட்டன. ரெக்கார்டில் அப்படி இல்லை, அந்தப் பெண் எங்களையும் ஏமாற்றியிருக்கிறாள். அரங்கமே வெறுமையாக ஒரு மூச்சு. பிறகு அவளே கரண்டியை வாங்கி ஒரே ஒரு தட்டு. கீழ் வரிசையில் இருந்தவர்கள் அழகான நிறுத்தம் என்று கை தட்டினார்கள். முடிந்தது என்று நினைத்தேன்.

மேல் வரிசைகளில் மலைநாட்டு ஆட்கள் இருந்தார்கள். கொத்தனார்கள், டிரைவர்கள், கேம்ப் பஸ்ஸில் ஏறி வந்தவர்கள். இரண்டாவது முறை மூன்று தட்டு விழுந்து, நிறுத்தம் வந்து, தமீனா தன் ஒன்றைத் தட்டினாள். மேலேயிருந்து யாரோ தண்ணீர் பாட்டிலால் நாற்காலிக் கையில் தட்டினார்கள். இரண்டு. வேறெங்கோ ஒன்று. இன்னொரு மூலையில் நான்கு. பிறகு எண்ண முடியவில்லை. சில இடத்தில் இரண்டோடு நின்றது, ஒரு இடத்தில் ஆறுவரை போனது. ஒவ்வொருவரும் தன் வீட்டுக் கணக்கைத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். யாரும் கத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

முன்வரிசையில் சாம்பல் கோட்டுக்காரர் எழுந்து திரும்பி மேலே பார்ப்பது திரையில் தெரிந்தது. சத்தம் என்று படித்ததை முதல்முறையாகக் காதால் கேட்கிறார்.

"அக்கா, ஆடியன்ஸ் மைக்குல என்னமோ தட்டுறாங்க. எறக்கிரவா?" என்றான் முருகேசன்.

என் விரல் பட்டன் மேல் இருந்தது. இரண்டு மூன்று வினாடிதான். அந்த நேரத்தில் நான் பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. முடிவு ஏற்கெனவே பாத்ரூமில் எடுத்தாகிவிட்டது.

"தொடாத மக்ளே. அப்படியே கெடக்கட்டும்" என்றேன்.

பாட்டு முடிந்து விளம்பர இடைவேளை வருவதற்குள் கோட்டுக்காரர் கன்ட்ரோல் ரூம் வாசலுக்கு வந்துவிட்டார். முதீரும் ஓடி வந்தார். அரசியல், அரசியல் என்றார் கோட்டுக்காரர். எந்த வரியில் என்று கேட்டேன். வரியில் இல்லை, தட்டில் என்றார். தட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவருடைய அரசாங்கம் யாரையும் கொண்டுபோகவே இல்லை என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கொண்டுபோனவர்களின் எண்ணிக்கை அது என்று அவர் எப்படிச் சொல்வார்?

ஆட்சேபப் படிவம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அர்த்தத்தை எழுதுங்கள், கேட்டுச் சொன்னவர் என்ற இடத்தில் உங்கள் பெயர், மொபைல் நம்பர், ஐடி நம்பர் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், உடனே நடவடிக்கை எடுக்கிறேன் என்று மிக மரியாதையாகச் சொன்னேன். பேனாவையும் திறந்து கொடுத்தேன். அவர் படிவத்தைப் படித்தார், அந்தக் கட்டத்துக்கு வந்ததும் நின்றார். பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். முதீர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. இருபத்து நான்கு வருடத்தில் நான் மிகவும் ரசித்த நிமிடம் அது, மறைக்க மாட்டேன்.

தமீனாவுக்கு ஏழாவது இடம். ஊருக்குத் திரும்பிப் போனாள். அடுத்த வருடம் ஏதோ ஒரு கல்யாணத்தில் அவள் பாடுகிற வீடியோவைப் பார்த்தேன், கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். அண்ணன் வந்தானா என்று தெரியாது. என்னைப் பொறுத்தவரை, கணிப்பு தவறு என்ற கையெழுத்து ஃபைலில் இருந்ததால் மூன்று வருடம் கன்ட்ரோல் ரூமுக்கு வெளியே உட்கார வைத்தார்கள். அந்த மூன்று வருடமும் அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுக்கச் சொல்லி மாதம் தவறாமல் எழுதிப் போட்டேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் எடுத்தார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் இது என் வீரக்கதை ஆகியிருக்கும். நீங்களும் கைதட்டிவிட்டுப் போவீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை நான் ரொட்டிக்கடைக்குப் போனேன்.

கரீம்பாய் சந்தோஷமாக இருந்தார். யாரோ போனில் எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்திருக்கிறார். பாட்டை நிறுத்தாமல் விட்டது நான்தான் என்று அவராகவே ஊகித்திருந்தார். டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் பேசாமல் டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். தாள் அறுபட்டுவிட்டது, அவருக்குத் தெரிய ஒரு வழியும் இல்லை. ஆனால் அவர் கேட்டு நான் இல்லை என்று சொன்ன பொய் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. சொல்லிவிட்டேன். உங்கள் பெயர், உங்கள் போட்டோ, எல்லாம் அன்றைக்குக் காலையிலிருந்து நாலரை மணிவரைக்கும் ஒரு படிவத்தில் இருந்தது, அந்த ஆளுக்குப் போக இருந்தது, நான் எழுதினேன் என்றேன்.

யார் யார் பார்த்தார்கள் என்று கேட்டார். நானும் முதீரும் மட்டும், பிறகு மெஷினில் போட்டுவிட்டேன் என்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு நான் கேட்டபோது ஏன் இல்லை என்றாய் என்று மெதுவாகக் கேட்டார். பயந்துவிட்டேன் பாய் என்றேன். தலையை ஆட்டினார். கம்பியை எடுத்து இரண்டு ரொட்டியை வெளியே எடுத்தார். கட்டுப் போட்ட கையால் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"ரொட்டிக்கு எப்பவும் வா, பெஹன்" என்றார். "போன் கொண்டு வராத."

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அந்தக் கடைக்குப் போனேன். மூத்த பெண்ணின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார், முட்டிவலிக்கு என்னிடம் மருந்து கேட்டார், நோன்புக் காலத்தில் எனக்கென்று தனியாக ரொட்டி எடுத்து வைத்தார். ஒவ்வொரு முறையும் நான் போனை ஆபீஸ் மேஜையிலேயே வைத்துவிட்டுத்தான் போனேன். மலைநாட்டுப் பாட்டு வருடா வருடம் வந்தது. அதைக் கேட்டுச் சொல்ல ஒரு டிரைவரை, ஒரு தையல்காரரை, ஒருமுறை ஷார்ஜாவில் ஒரு பல் டாக்டரைக்கூடத் தேடிப் பிடித்தேன். கரீம்பாயிடம் மட்டும் கேட்கவில்லை.